ஒரு முனை குறைவு

தைசியா சவெல்யெவ்னாவின் உடையில் கொக்கி, ஊசி, பொத்தான் எதிலும் இரும்பு கிடையாது. கொண்டையை மரக்குச்சி ஒன்று தாங்கி நின்றது. காந்தப் பட்டறையில் இருபது வருடம் வேலை பார்த்ததில் இது விரதம் போல் பழகிவிட்டது. பட்டறை வாசலில் எல்லோரும் சாவி, கடிகாரம், பெல்ட் எல்லாவற்றையும் பெட்டியில் போட்டுவிட்டுத்தான் உள்ளே போவார்கள். அவளிடம் போட ஒன்றும் இருக்காது. பெட்டியைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போவாள்.

பாகங்களைப் பூட்டும் வேலை பார்க்கும் குஸ்மிச்சுக்கு வாயில் நான்கு பல் எஃகு. அதைக் கழற்றிப் பெட்டியில் போட முடியாது. அதனால் காந்தங்களுக்குப் பக்கத்தில் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும் என்று அவருக்கு உத்தரவு. பட்டறையில் எல்லோரும் மனதார ஆதரித்த உத்தரவு அது ஒன்றுதான். குஸ்மிச் மட்டும் கடைப்பிடிக்கவில்லை.

அவர்கள் செய்தது காந்த வரிசை. மேலே ஒரு வரிசை, கீழே ஒரு வரிசை, நடுவில் விரல் நுழையும் இடைவெளி. வடமுனை, தென்முனை, வடமுனை, தென்முனை என்று மாறி மாறிக் காந்தக் கற்களைப் பதிக்க வேண்டும். அந்த இடைவெளியில் எலெக்ட்ரான்கள் பாயும்போது இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நெளிந்து ஒளியைச் சிதறவிடும். வெளியில் யாராவது கேட்டால் தைசியா, "பல் வரிசை கட்டறோம்" என்பாள். அதற்கு மேல் யாரும் கேட்டதில்லை.

கற்களைப் பதித்தவரே வரிசையோடு போய், அந்த ஒளியை வைத்து ஆராய்ச்சி செய்யும் ஒளிக்கூடத்தில், அதை வாங்கியவர்களிடம், பூட்டிக் கொடுத்துவிட்டு வர வேண்டும் என்பது பட்டறை வழக்கம். தைசியா ஒரு தடவையும் போனதில்லை. ஒருமுறை அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, ஒருமுறை பாஸ்போர்ட் வரவில்லை, ஒருமுறை பட்டறைத் தலைவரின் மைத்துனன் போனான். இந்த முறை பாஸ்போர்ட் கையில் இருந்தது. ஒளிக்கூடம் தெற்கே, கடலைப் பார்த்த குன்றின் மேல். தைசியாவின் ஊரிலும் கடல் என்று ஒன்று உண்டு. ஓப் நதியின் அணைத் தண்ணீரைத்தான் அப்படிச் சொல்வார்கள். வருடத்தில் பாதி நாள் உறைந்து கிடக்கும் அதன் மேல் லாரி ஓட்டலாம். நிஜக் கடலைப் பார்க்க வேண்டும் என்று அவள் யாரிடமும் சொன்னதில்லை. எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

"சவெல்யெவ்னா, நீச்சல் உடுப்பு தைச்சாச்சா?" என்றார் குஸ்மிச். "அதுலயும் கொக்கி வைக்கமாட்டியே. மொத அலையிலயே போயிடும்."

"வாய மூடு குஸ்மிச். பல்லு கல்லுல ஒட்டிக்கும்."

இந்த வரிசை வழக்கமானது அல்ல. பட்டறைத் தலைவர் அர்செனி இலரியோனோவிச் முதல் நாளே விளக்கியிருந்தார். "எலெக்ட்ரான் கூட்டம் ஒரு நீள ரயில்னு வச்சுக்கங்க. ரயில் முழுக்க வெளிச்சம் போட்டா, அணு அசையறத படம் பிடிக்க முடியாது, மங்கிடும். அதனால லேசர் வந்து ஒரே ஒரு ஜன்னல மட்டும் தட்டிவிடும். அந்த ஜன்னலோட எக்ஸ்ரே மட்டும் தனியா கிடைச்சா போதும், கண்ண மூடித் திறக்கறத கோடி கோடியா வெட்டின மாதிரி ஒரு துளி. லேசர் ஜன்னல தட்டற இடம்தான் நம்ம வரிசை."

கற்கள் குறியில்லாமல்தான் வரும். திசைகாட்டியைக் காட்டிப் பார்த்து, வடமுனையில் சிவப்பு நகச்சாயத்தால் பொட்டு வைப்பது தைசியாவின் வேலை. பட்டறைக் கணக்கில் நகச்சாயம் வாங்கினார்கள். அவள் தன் நகத்தில் ஒரு நாளும் பூசியதில்லை. முதல் பாதிக் கற்களுக்குப் பொட்டு வைத்து ஒரு நீள உலோக விட்டத்தில் பதித்தாள். தேநீர் குடித்துவிட்டு வந்து இரண்டாம் பாதிக்குப் பொட்டு வைத்து இன்னொரு விட்டத்தில் பதித்தாள். பிறகு குஸ்மிச் இரண்டு விட்டங்களையும் ஒன்றன் பின் ஒன்றாக நீளவாக்கில் சேர்த்துப் பூட்டினார்.

இடைவெளிக்குள் காந்தத்தை அளக்கும் கருவியை ஓடவிட்டார்கள். திரையில் அலை ஒழுங்காக ஏறி இறங்கி வந்தது. நடுவில் ஒரு விக்கல். பிறகு மறுபடி ஒழுங்காக ஏறி இறங்கியது, ஆனால் ஏற வேண்டிய இடத்தில் இறங்கி, இறங்க வேண்டிய இடத்தில் ஏறி.

"பாதிக்கு மேல தலைகீழா இருக்கு," என்றார் தலைவர்.

"கல் அனுப்பினவன் தப்பு," என்றார் குஸ்மிச்.

"கல்லுல குறியே இல்லாம அனுப்பினவன் எதுல தப்பு பண்ணுவான்? திசைகாட்டியக் கொண்டாங்க."

தைசியா தன்னுடையதைக் கொடுத்தாள். குஸ்மிச் தன்னுடையதைக் கொடுத்தார். தலைவர் பக்கத்துக் கட்டடத்தில் இருந்த தன் மேசையிலிருந்து ஒன்றை எடுத்து வந்தார். பட்டறைக்குள் எந்த ஊசியையும் நம்ப முடியாது. அதனால் மூன்று பேரும் கோட்டு மாட்டிக்கொண்டு பனியில் இறங்கி, காந்தங்களை விட்டு வெகுதூரம் நடந்து, பிர்ச் மரங்களுக்கு நடுவே நின்றார்கள்.

தலைவரின் ஊசி காட்டைக் காட்டியது. மற்ற இரண்டும் உணவுக்கூடத்தைக் காட்டின.

"ரெண்டுக்கு ஒண்ணு," என்றார் குஸ்மிச். "வடக்கு உணவுக்கூடம் பக்கம்."

"மணி பன்னெண்டு. சூரியன் உணவுக்கூடத்துக்கு மேல நிக்குது. நம்ம ஊர்ல மத்தியானச் சூரியன் தெக்க விட்டு வடக்குல நிக்குமா?"

"பிப்ரவரி சூரியன நம்ப முடியாது, அர்செனி இலரியோனோவிச்."

தைசியா தன் நிழலைப் பார்த்தாள். அது காட்டை நோக்கி நீண்டு கிடந்தது. தேநீர் குடிக்கப் போகும்போது திசைகாட்டியை எங்கே மாட்டினோம் என்று நினைத்துப் பார்த்தாள். சுவரில் ஒரு ஆணி. குஸ்மிச்சுடையதும் அதே ஆணியில்தான் தொங்கியது. அந்தச் சுவர் வெறும் பலகை. அதற்கு அந்தப் பக்கம், அன்று காலைதான், புதுக் கற்களின் பெட்டியைத் தள்ளி வைத்திருந்தார்கள். பெட்டியில் இருந்த காந்தம் ஊசியின் முனைகளைத் திருப்பிப் போட்டுவிட்டது. ஊசி அதன் பிறகும் உறுதியாக, ஆடாமல், தப்பைக் காட்டியது.

"ரெண்டாவது பாதிப் பொட்டு முழுக்க இதப் பாத்து வச்சது," என்றாள். யாரும் அவளைக் கேட்டிருக்கவில்லை. "நான்தான்."

தலைவர் திட்டவில்லை. தன் நிழலைப் பார்த்துக்கொண்டே பேசினார். "மொத பாதியில லேசர் எலெக்ட்ரானுக்கு ஒரு உந்து கொடுக்கும். ரெண்டாம் பாதியில அதையே திருப்பி வாங்கிக்கும். ஜன்னல தட்டிட்டு, மன்னிப்பும் கேட்டுட்டுப் போற மாதிரி."

வரிசையை அனுப்ப வேண்டிய நாள் நெருங்கிவிட்டதால் எல்லாக் கற்களையும் கழற்றித் திருப்ப நேரமில்லை. உள்ளே வந்து அவர் கரும்பலகையில் முனைகளை வரிசையாக எழுதினார். நடுவில் இரண்டு தென்முனைகள் அடுத்தடுத்து நின்றன. அவற்றில் ஒன்றைக் கையால் அழித்தார். மற்றவை ஒழுங்காக மாறி மாறி நின்றன.

நடுவிலிருந்து மேலே ஒன்று, கீழே ஒன்று என்று எடுத்துவிட்டு, இரண்டாம் விட்டத்தை முன்னால் நகர்த்திப் பூட்டினார்கள். வரிசையின் தொடக்கத்தையும் கடைசியையும் புதிதாகச் சரிசெய்ய வேண்டியிருந்தது. அந்த வேலையைத் தைசியா தலை நிமிராமல் செய்தாள். அலை விக்கல் இல்லாமல் ஓடியது. வரிசை நான்கு விரற்கடை குட்டையாகிவிட்டது.

பயணத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. குஸ்மிச்சும் நீச்சல் உடுப்பைப் பற்றிப் பேசவில்லை. தன்னை அனுப்பமாட்டார்கள் என்று அதிலிருந்தே அவளுக்குப் புரிந்துவிட்டது. பாஸ்போர்ட்டை வீட்டில் போர்வைகளுக்கு அடியில் வைத்தாள். வெள்ளிக்கிழமை தலைவர் இருவரையும் கூப்பிட்டார்.

"யாரு போறது?"

"குஸ்மிச்," என்றாள் தைசியா.

"குஸ்மிச், வரைபடத்துல இருக்கற முனை இங்க ஒண்ணு குறையுதேன்னு அங்க கேட்டா என்ன சொல்லுவீங்க?"

குஸ்மிச் யோசிக்கவே இல்லை. "சுங்கத்துல எடுத்துக்கிட்டாங்கன்னு சொல்லுவேன்."

"தைசியா சவெல்யெவ்னா, நீங்க போறீங்க."

"எனக்குப் பேச வராது, அர்செனி இலரியோனோவிச்."

"பேச வேணாம். நடந்தத மட்டும் சொல்லுங்க. பண்ணினவங்கதான் சொல்லணும்."

இருபது வருடம் காத்திருந்த பயணம் அவளுக்குத் தண்டனையாகக் கிடைத்தது. விமானத்தில் அவள் ஒன்றும் சாப்பிடவில்லை. ஜன்னல் வழியே கடல் வந்தபோது கண்ணை மூடிக்கொண்டு, சொல்ல வேண்டியதை உதட்டுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கூட்ட அறை நிறைய ஆட்கள். அவள் எழுந்து நின்று மேசையைப் பார்த்துச் சொன்னாள்: "ஒரு முனை குறைவு. தப்பு என்னோடது. திசைகாட்டிய காந்தப் பெட்டிக்குப் பின்னாடி ஆணியில மாட்டிட்டேன். வரிசை வேலை செய்யும்."

மொழிபெயர்த்த பெண் அதை வெகுநேரம் சொன்னாள். பிறகு நரைத்த தாடிக்காரர் ஒருவர் அதைவிட நீளமாக ஏதோ கேட்டார்.

"அந்த ஆணி இன்னும் அங்கயே இருக்கான்னு கேக்கறார்," என்றாள் அந்தப் பெண்.

"பிடுங்கியாச்சு."

தாடிக்காரர் தலையாட்டினார். அவ்வளவுதான். கேள்விகள் முடிந்தன. தைசியா உட்கார மறந்துபோய், எல்லோரும் எழும்வரை நின்றுகொண்டே இருந்தாள்.

வரிசையைப் பூட்டி, எலெக்ட்ரான்களை ஓடவிட்டு, லேசரைத் திறந்தபோது திரையில் தட்டையான கோட்டின் மேல் ஒரு சின்ன மேடு எழுந்தது. லேசர் தட்டிய ஜன்னலின் வெளிச்சம், கொசு கடித்தால் வீங்கும் அளவுதான். அறையில் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். தைசியாவை யாரும் கட்டிப்பிடிக்கவில்லை. தாடிக்காரர் மட்டும் அவள் பக்கம் திரும்பி, ஒரு விரலை உயர்த்திக் காட்டினார். ஒரு மேடு என்கிறாரா, ஒரு முனை என்கிறாரா என்று அவளுக்குத் தெரியவில்லை. அவளும் ஒரு விரலை உயர்த்தினாள்.

மறுநாள் சாயங்காலம் பட்டறைக்குத் தொலைபேசியில் பேசினாள். குஸ்மிச் எடுத்தார்.

"சவெல்யெவ்னா! திட்டினாங்களா?"

"இல்ல. வேலை செய்யுது."

"கடலப் பாத்தியா?"

"எறங்கினேன்."

"எப்படி இருக்கு?"

அவள் சற்று யோசித்தாள். கம்பியின் மறுமுனையில் குஸ்மிச் அதிசயமாக வாயை மூடிக்கொண்டு காத்திருந்தார்.

"வெள்ளரிக்கா ஊறுகாய்த் தண்ணி மாதிரி," என்றாள் தைசியா. "ஆனா உப்பு கொஞ்சம் கம்மி."