மூணு பல்பும் எரிஞ்சா மட்டும்

எதிர் ஃபிளாட்டில் இருக்கும் ரிட்டையர்டு ஹெட்மாஸ்டர் போன வாரம் லேப்டாப் வாங்கினார். வாங்கிய மூன்றாம் நாள் அதைக் கைக்குழந்தை மாதிரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். பிரிண்டர் வேலை செய்யவில்லையாம்.

பிரிண்டர் அவர் வீட்டில் இருந்தது. அதை நான் சுட்டிக்காட்டவில்லை.

அவருக்கு இரண்டு பெண்கள். பெரியவள் பெங்களூரில், சின்னவள் புனேயில். இருவருக்குமே கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. அப்பா உதவி கேட்டதும் இரண்டு பேரும் உதவினார்கள் – அங்கேதான் பிரச்சினை ஆரம்பம்.

பெரியவள் பதினேழு படங்கள் அனுப்பியிருந்தாள். எல்லாம் அவளுடைய கம்ப்யூட்டர் திரையை அப்படியே எடுத்த படங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு சிவப்பு வட்டம், ஒரு அம்புக்குறி. இங்கே அமுக்கு, அப்புறம் இங்கே அமுக்கு. நாலாவது படத்தில் ஒரு பல்சக்கரம் இருந்தது. ஹெட்மாஸ்டரின் திரையில் அது எங்கே தேடியும் இல்லை. அவளுடையது பழைய வெர்ஷனாம், இவருடையது புதுசாம்.

சின்னவள் படமே அனுப்பவில்லை. ஒரே ஒரு வரி. கறுப்புத் திரையைத் திறந்து இந்த வரியை அப்படியே டைப் பண்ணி என்டர் தட்டினால் போதும் என்று சொல்லியிருந்தாள். வரியின் நடுவில் 'யுவர் நேம்' என்று இருந்தது. ஹெட்மாஸ்டரும் 'யுவர் நேம்' என்றே டைப் பண்ணியிருக்கிறார். சர்வீஸ் முழுக்கப் பிள்ளைகளிடம் 'போர்டில் இருக்கிறதை அப்படியே எழுதுங்கடா' என்று சொன்னவர் – வேறென்ன செய்வார்? அப்படி ஒரு ஆள் இங்கே இல்லை என்று கம்ப்யூட்டர் சொல்லிவிட்டது.

"படமா, வரியா... புதுசா கத்துக்கிறவனுக்கு எது சார் நல்லது?" என்று என்னைக் கேட்டார்.

எனக்குக் கம்ப்யூட்டர் ஞானம் கம்மி. ஆனால் இந்தச் சண்டையை நான் ஏற்கெனவே ஒரு தடவை போட்டு முடித்தவன். அப்போது கம்ப்யூட்டர் இல்லை. ஐந்து குதிரைசக்தி மோட்டார்.

எழுபதுகளின் நடுவில் நான் பொள்ளாச்சியில் ஒரு பம்ப்செட் கடையில் மெக்கானிக்காக இருந்தேன். கோபாலபுரம் செக்போஸ்ட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும் கேரளத்துக் கிராமங்கள் என் பொறுப்பு. செக்போஸ்ட்டைத் தாண்டினால் பஸ் போர்டு மலையாளத்துக்கு மாறிவிடும். தோட்டத்துப் பேச்சு மாறாது, அதே கோயமுத்தூர்த் தமிழ்தான். கரண்ட் ஆபீஸில் கொடுக்கும் மனுவை மட்டும் 'அபேட்சை' என்பார்கள்.

மோட்டாரை மாட்டுவது பாதி வேலை. அதுவரை மாடு கட்டித் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தவர்களுக்கு அதை ஓட்டச் சொல்லிக்கொடுப்பது மீதிப் பாதி. இந்த மீதிப் பாதியில்தான் கடையில் இரண்டு கட்சி. நான் படக் கட்சி. என்னோடு வேலை பார்த்த மாணிக்கம் வார்த்தைக் கட்சி.

"படம் போட்டுக் காட்டினா கண்ணுல நிக்கும்" என்பேன் நான்.

"சொவத்துல நிக்கும். கண்ணுல எங்க நிக்குது?" என்பான் மாணிக்கம். "நாலு வார்த்தை. மனப்பாடம் பண்ண வெச்சுரோணும். தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லோணும்."

எங்கள் சண்டையின் நடுவில் வந்து மாட்டியவர், அந்தக் கிராமங்களில் ஒன்றில் தோட்டம் வைத்திருந்த ராமாத்தாள்.

அவருக்கு அப்போது முப்பது வயது இருக்கும். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். கணவர் நாச்சிமுத்து தென்னை மரத்திலிருந்து விழுந்து, பொள்ளாச்சியில் ஒரு ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டோடு படுத்திருந்தார். ஆறு மாதம் எழுந்திருக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இரண்டு ஏக்கர் தோட்டம், ஒரு கிணறு, புதுசாக மாட்டிய மோட்டார். எல்லாம் ராமாத்தாள் தலையில்.

கொழுந்தனார் சின்னசாமிக்கு இந்த நேரத்தில் அண்ணன் தோட்டத்தின் மேல் திடீரென்று அக்கறை வந்தது.

"அண்ணன் எந்திரிக்கற வரைக்கும் நானே பாத்துக்கறனுங்க நங்கை. பொம்பளைங்க மோட்டார் ஓட்டறது ஆவுற காரியமுங்களா?"

அண்ணன் மனைவியை அங்கே நங்கை என்றுதான் கூப்பிடுவார்கள். மரியாதைக்கெல்லாம் ஒரு குறைச்சலும் இல்லை. ஆனால் இப்படிப் 'பார்த்துக்கொள்ளப்படும்' தோட்டம் ஆறு மாதம் கழித்துத் திரும்பி வருமா? வராது என்று ராமாத்தாளுக்கு நன்றாகத் தெரியும்.

"ஒரு வெள்ளாமை நானே எடுத்துக் காட்டறனுங்க. முடியலீன்னா நீங்களே பாத்துக்கோங்க" என்று நாலு பேர் கேட்கச் சொல்லிவிட்டார். மிளகாய் போடுவதாக முடிவு.

நான் போய் என் கட்சிக் கொள்கைப்படி மோட்டார் ரூம் சுவரில் படம் வரைந்தேன். அங்கே பலகையில் வரிசையாக மாட்டியிருந்த மாதிரியே மேலே மூன்று பல்பு, மூன்றும் எரிவதாகச் சுற்றிலும் கதிர். கீழே ஸ்டார்ட்டர் பெட்டி. அதில் மேலே பச்சைப் பொத்தான், கீழே சிவப்புப் பொத்தான். பச்சையை அமுக்கும் ஒரு கை. கை கொஞ்சம் வாழைச்சீப்பு மாதிரி வந்துவிட்டது. மற்றபடி நல்ல படம். "இதே மாதிரி மூணும் எரிஞ்சா பச்சையை அமுக்குங்க அக்கா" என்று சொன்னேன். அவரும் தலையாட்டினார். படத்துக்குக் கீழே என் பெயரை எழுதிவிட்டு வந்தேன்.

பொங்கல் வந்தது. மோட்டார் ரூமுக்கு வெள்ளையடித்தார்கள்.

படம் போனது போகட்டும். கதவுக்கு அடித்தது போக, டப்பாவில் கொஞ்சம் பச்சை பெயிண்ட் மிச்சம் இருந்திருக்கிறது. வீணாக்குவானேன்? ஸ்டார்ட்டர் பெட்டிக்கும் அடித்துவிட்டார்கள். பொத்தான்களையும் விடவில்லை. மேலேயும் பச்சை, கீழேயும் பச்சை. ராமாத்தாள் நான் சொன்னதை மறக்கவில்லை. பச்சையைத்தான் அமுக்கினார் – இரண்டையும், ஒரே நேரத்தில். மோட்டார் அசையவில்லை.

மாணிக்கம் ஒரு வாரம் சிரித்தான். சிரித்து முடித்ததும் அவனே பஸ் ஏறிப் போனான். பொத்தானில் இருந்த பெயிண்டைச் சுரண்டவில்லை. வார்த்தைக் கட்சிக்கு நிறம் எதற்கு? "மூணு பல்பும் எரிஞ்சா மட்டும் மேல் பொத்தான். நிறுத்தக் கீழ்ப் பொத்தான். மூணு எரியாட்டி தொடக்கூடாது. தொட்டா மோட்டார் போச்சு." இவ்வளவுதான். பத்துத் தடவை சொல்லவைத்துவிட்டு வந்தான். ராமாத்தாள் ஒரு எழுத்து பிசகாமல் ஒப்பித்ததாகக் கடையில் எல்லாரிடமும் சொன்னான். அதற்கப்புறம் மோட்டாரும் ஒழுங்காக ஓடியது. எனக்குக் கொஞ்ச நாள் தலை நிமிர முடியவில்லை.

ஒரு திங்கட்கிழமை ராமாத்தாள் மிளகாய் நாற்று நட்டு, தண்ணீர் பாய்ச்சினார். நட்ட மூன்றாம் நாள் மறுபடி ஒரு தண்ணீர் விட வேண்டும். அதற்கு உயிர்த்தண்ணீர் என்றே பெயர். நாற்று பிழைப்பதும் போவதும் அதில் இருக்கிறது. புதன்கிழமை காலையில் மோட்டார் ரூமைத் திறந்தால், இரண்டு பல்புதான் எரிகிறது. நடுப் பல்பு எரியவில்லை.

மூணும் எரிஞ்சா மட்டும். அவர் பொத்தானைத் தொடவில்லை.

அன்று முழுக்கக் காத்திருந்தார். வியாழக்கிழமையும் இரண்டுதான். சின்னசாமி வரப்பில் வந்து நின்றுகொண்டு, "ரெண்டு எரியுதுங்களே நங்கை, சும்மா அமுக்குங்க" என்றிருக்கிறார். இவர் மாட்டேன் என்றுவிட்டார். "அப்ப நான் சொன்னது சரிதானுங்க. நாத்து ஒணந்துபோச்சுன்னா தோட்டத்த என்ற கையில உட்ருங்க" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். ராமாத்தாள் பொள்ளாச்சி பஸ் கண்டக்டரிடம் கடைக்குச் சேதி சொல்லி அனுப்பினார்.

வெள்ளிக்கிழமை காலையில் நான் போய்ச் சேர்ந்தேன். முதலில் நாற்றைப் போய்ப் பார்த்தேன். எல்லாம் தலை தொங்கிக் கிடந்தன. பக்கத்து வரப்பில் சின்னசாமி தோளில் மண்வெட்டியோடு நின்றார். இனி எப்போது வேண்டுமானாலும் வேலையை ஆரம்பிக்கலாம் என்கிற முகம்.

ராமாத்தாள் அழவில்லை. கோபமாக இருந்தார்.

"ஏனுங்க மெக்கானிக்கு... நீங்க படம் போட்டீங்க. அவுரு பாட்டுப் படிக்கற மாதிரி படிக்க வெச்சாரு. அந்த மூணு பல்பு எதுக்குன்னு ரெண்டு பேர்ல ஒருத்தரும் சொல்லலீங்களே? நான் அது ஏதோ கம்பெனிக்காரங்க சம்பிரதாயமுன்னு இருந்துட்டனுங்க."

உண்மைதான். நாங்கள் சொல்லவே இல்லை. காரணம் சொன்னால் குழம்பிவிடுவார்கள் என்பது மாணிக்கத்தின் கட்சி. அதில் மட்டும் நானும் அவன் கட்சி.

அங்கேயே நின்று சொன்னேன். "கரண்ட் மூணு கம்பியில வருதுங்க அக்கா. ஒரு கம்பிக்கு ஒரு பல்பு. ஒரு பல்பு எரியலைன்னா அந்தக் கம்பியில கரண்ட் வரலைன்னு அர்த்தம். மூணு கம்பியும் வந்தாத்தான் மோட்டார் ஓட்டலாம். ரெண்டுல ஓட்டுனா எரிஞ்சுரும்."

அரை நிமிடம் ஆகியிருக்குமா? அதற்குள் முடிந்துவிட்டது. படம் வரைய எனக்கு ஒரு முழு மத்தியானம் ஆனது.

ராமாத்தாள் எரியாத பல்பையே பார்த்துக்கொண்டிருந்தார். "கம்பியில வராட்டியும் பல்பு எரியாது. பல்பே செத்துப்போயிருந்தாலும் எரியாதில்லீங்க?"

"ஆமாங்க" என்றேன். "இருங்க, டெஸ்டரை எடுக்கறேன்."

பையில் டெஸ்டர் எப்போதும் அடியில்தான் இருக்கும். நான் அதைத் தேடி எடுத்து நிமிர்வதற்குள், அவர் முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு, எரிந்துகொண்டிருந்த முதல் பல்பைக் கழற்றி நடு ஹோல்டரில் மாட்டிவிட்டார்.

அது பளிச்சென்று எரிந்தது.

"கம்பி நல்லாத்தானுங்க இருக்குது" என்றார். "பல்புதான் செத்துப்போச்சு."

மேல் பொத்தானை அமுக்கினார். மோட்டார் உறுமியது, குழாய் இரண்டு தடவை செருமிவிட்டுத் தண்ணீரைக் கொட்டியது. சின்னசாமி அன்றைக்குச் சொன்ன மாதிரி சும்மா அமுக்கியிருந்தாலும் தண்ணீர் வந்திருக்கும். அதை நான் அங்கே யாரிடமும் சொல்லவில்லை. கெட்டுப்போனது வெறும் பல்பாக இல்லாமல் கம்பியாக இருந்திருந்தால் மோட்டாரும் போயிருக்கும், தோட்டமும் போயிருக்கும்.

சின்னசாமி மெதுவாகக் கிட்டே வந்தார். "தண்ணி வருதுங்களா நங்கை?"

"வருதுங்க. சும்மாதான நிக்கறீங்க... மம்புட்டி கையிலயே இருக்குது. சித்த அந்த மடையத் திருப்பி உடுங்க."

திருப்பிவிட்டார்.

நாற்றில் கால்வாசி போய்விட்டது, மீதி பிழைத்தது. போன இடத்தில் புது நாற்று நட்டுக்கொண்டார். நாச்சிமுத்து ஊன்றுகோலோடு வீடு திரும்பியபோது தோட்டம் அவர் மனைவி கையில்தான் இருந்தது. கொழுந்தனார் அதற்கப்புறம் மோட்டார் பற்றிப் பேசவில்லை.

ஹெட்மாஸ்டரிடம் இவ்வளவையும் சொன்னேன். படமாகவும் இருக்கலாம், வரியாகவும் இருக்கலாம் சார். அந்தப் பொத்தான் எதற்கு, அந்த வரி என்ன செய்கிறது என்று ஒரு வாய் சொல்லிவிட்டால், திரை மாறினாலும் ஆள் தடுமாற மாட்டார். கம்ப்யூட்டருக்குத்தான் அவர் புதுசு. யோசிப்பதற்கு இல்லையே? ஆனால் நமக்கு அது எப்போதும் மறந்துபோகிறது. எங்கே அமுக்க வேண்டும் என்று சொல்வதோடு நிறுத்திக்கொள்கிறோம். பாவம், அவர்களுக்குப் புரியாது என்று நாமே முடிவு பண்ணிவிடுகிறோம். இந்தப் பெருந்தன்மையைத்தான் நான் ரொம்ப நாள் அக்கறை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஹெட்மாஸ்டரிடம் சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கிறது. உங்களிடம் சொல்கிறேன்.

அன்று பையை மூடிக்கொண்டு கிளம்பும்போது ராமாத்தாள் என்னை நிறுத்தினார். முகத்தில் கோபம் போய்விட்டிருந்தது. நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்கிற ஆசைதான் இருந்தது.

"ஏனுங்க மெக்கானிக்கு, மூணு கம்பியில ஒண்ணு கொறஞ்சா மோட்டார் மெதுவாத்தானுங்க ஓடோணும்? அது எதுக்குங்க எரியுது?"

எனக்கு அதைச் சொல்லிக்கொடுத்தவர்கள், எரியும் என்று மட்டும்தான் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

"பஸ்ஸுக்கு நேரமாச்சுங்க அக்கா" என்றேன்.

பொள்ளாச்சிக்கு அடுத்த பஸ் வர இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது.