மைனரைத் தூக்கிக்கொண்டு போன ஞாயிறு

ஆம்பூரில் தோல் பதனிடும் மண்டியில் மேனேஜராக இருந்த வெள்ளைக்காரர் 1931-இல் சீமைக்குத் திரும்பியபோது, அவருடைய துரைசானி தன் வீட்டில் வேலை பார்த்த ரோஸிடம் ஒரு கம்பிக்கூண்டைக் கொடுத்துவிட்டுப் போனாள். உள்ளே மூன்று வெள்ளை எலிகள் இருந்தன. மூன்றும் ஒரே ஈற்றில் பிறந்த ஆண் குட்டிகள். தெருவே சிரித்தது. தோலைக் கடித்துக் குதறும் எலியை விரட்டத்தான் ஊரில் ஆள் வைப்பார்கள். இவள் சோறு போட்டு வளர்க்கிறாளே என்றார்கள். கோலார் தங்கவயலுக்குப் போன புருஷன் திரும்பி வராத நாளிலிருந்து ஊர்ச் சிரிப்பு ரோஸுக்குப் பழகிப்போயிருந்தது.

பெரியதற்கு மைனர் என்று பெயர் வைத்தாள். மற்றவை பவுலு, சோணி. குட்டிகளாக இருந்தவரை ஒன்றன்மேல் ஒன்று ஏறித் தூங்கின. வளர வளர மைனருக்கு மிடுக்கு வந்தது. முதுகு மயிரைச் சிலிர்த்துக்கொண்டு பக்கவாட்டில் நகர்ந்து வந்து, மற்றதை மல்லாக்கத் தள்ளி அமுக்கும். கீழே கிடப்பது கீச்சென்று கத்திவிட்டு அடங்கிவிடும். முதலில் ரோஸ் பதறிப் பிரித்துவிட்டாள். பிறகு உட்கார்ந்து கவனித்ததில் பிடிபட்டது: ரத்தம் வராதவரை அது சண்டை இல்லை, யார் பெரியவன் என்ற பேச்சு. அதற்குள் நாம் தலையிட்டால் பேச்சு முடியாமல் மறுநாளும் தொடரும். ஒரே கிண்ணத்தில் வைத்த தீனியை இரண்டு மூலையில் வைத்தாள். ஒளிந்துகொள்ள ஆளுக்கொரு உடைந்த சட்டி போட்டாள். கூண்டு அடங்கியது.

அடங்காதவன் அவள் தம்பி தானியேல். தோல் மண்டியில், தோலை ஊறப்போடும் சுண்ணாம்புக் குழியில் வேலை. அக்கா வீட்டில்தான் சாப்பாடு, படுக்கை எல்லாம். அவனுடைய மேஸ்திரி கன்னியப்பனுக்குச் சேவல் சண்டைப் பைத்தியம். மைனரைப் பற்றி அவனிடம் தானியேல் வாயளந்திருக்கிறான். ஒரு ஞாயிற்றுக்கிழமை ரோஸ் கோயிலிலிருந்து திரும்பியபோது கூண்டில் இரண்டுதான் இருந்தன. பக்கத்து வீட்டு அக்தரி பேகம் படுதாவுக்குப் பின்னாலிருந்து கூப்பிட்டாள்.

"ரோஸம்மா, உன் தம்பி எலிய டின்ல போட்டு எடுத்துனு போனான். பட்டைக் கொட்டகைப் பக்கம்."

தோல் பதனிடும் ஆவாரம்பட்டை அடுக்கிய கொட்டகைக்குப் பின்னால் பத்துப் பேர் வட்டமாக நின்றார்கள். நடுவில் வாய் வெட்டிய மண்ணெண்ணெய் டின். உள்ளே மைனரோடு, பொறியில் பிடித்த வீட்டெலி ஒன்றையும் விட்டிருந்தார்கள். ஓட இடமில்லாமல் இரண்டும் கட்டிப் புரண்டன. குச்சியால் குத்திக் கிளறிக்கொண்டிருந்தவன் தானியேல்.

ரோஸ் கூட்டத்தைப் பிளந்துகொண்டு போய் டின்னை எட்டி உதைத்துச் சாய்த்தாள். வீட்டெலி ஓடிவிட்டது. மைனரைப் பிடித்தாள். அது அவள் ஆள்காட்டி விரலை எலும்புவரை கடித்தது. அப்படியும் பிடியை விடாமல் அதை முந்தானையில் சுற்றிக்கொண்டாள்.

"இன்னாமா, ஒரு எலிக்குப் போயி ஆம்பளைங்க நடுவுல வந்து நிக்கிற?" என்றான் கன்னியப்பன்.

"டின்னுக்குள்ள உன்னப் போட்டு மூடினா நீயும் கடிப்ப மேஸ்திரி," என்றாள் ரோஸ். "அத வேடிக்கை பாக்க எனக்குப் புடிக்காது. உனக்குப் புடிக்குது."

கோபம் அடங்காமலே வீட்டுக்கு வந்தவள் ஒரு பிசகு செய்தாள். மைனரை நேராகக் கூண்டில் விட்டுவிட்டாள். அதன் மேலெல்லாம் அந்நிய எலியின் வாடை. பவுலு மயிரைச் சிலிர்த்தது, மைனர் பாய்ந்தது. இந்தத் தடவை பேச்சு இல்லை. ஒரு முறத்தை நடுவில் செருகிப் பிரிப்பதற்குள் பவுலுவின் விலா கிழிந்து கூண்டுத் தகரமெல்லாம் ரத்தம்.

மஞ்சளைத் தேங்காய் எண்ணெயில் குழைத்துப் பவுலுவின் காயத்தில் பூசிக்கொண்டிருந்தபோது தானியேல் வாசலில் வந்து நின்றான். மைனருக்கு வெறி பிடித்துவிட்டது, கழுத்தைத் திருகிப் போட்டுவிடலாம் என்றான்.

ரோஸ் நிமிர்ந்து பார்த்தாள். "வெறி புடிக்க வெச்சவன் நீ. யார் கழுத்தத் திருகணும்?"

அவனுடைய பாயையும் துணி மூட்டையையும் அவளே எடுத்து வாசலுக்கு வெளியே வைத்தாள். அவன் மேஸ்திரி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தான்.

அதற்கப்புறம்தான் வேலையே ஆரம்பித்தது. தெருமுனை ஷபீ அஹமதின் கடையிலிருந்து ஒரு மரப்பெட்டி வாங்கிக் கம்பிவலை அடித்து, மைனரைத் தனியாக வைத்தாள். கூண்டையும் பெட்டியையும் ஒரு சாண் தள்ளி அடுத்தடுத்து வைத்தாள். மைனர் படுத்த கந்தலை மற்ற இரண்டிடமும், அவை படுத்ததை மைனரிடமும் மாற்றிப் போட்டாள். முதலில் மைனர் கந்தலைக் கிழித்து நாராக்கியது. பல நாள் கழித்து அதன்மேலேயே படுத்துத் தூங்கியது. பிறகு, இருவருக்கும் சொந்தமில்லாத இடமாக இருக்கட்டும் என்று, வெந்நீர் ஊற்றிக் கழுவிய கயிற்றுக்கட்டிலில் மைனரையும் சோணியையும் விட்டாள். முறம் கையிலேயே இருந்தது. மைனர் பக்கவாட்டில் நகர்ந்து வந்தது. சோணி தானாகவே மல்லாந்துவிட்டது. மைனர் அதன் வயிற்றை நக்கிவிட்டு நகர்ந்து போனபோதுதான் ரோஸ் முறத்தைக் கீழே வைத்தாள்.

பவுலுவிடம் அது நடக்கவே இல்லை. எத்தனை முறை பார்த்தாலும் இரண்டும் சிலிர்த்துக்கொண்டன. கடைசியில் ரோஸ் முயற்சியைக் கைவிட்டு, பவுலுவைத் தனியாகவே கூண்டில் வைத்தாள். அவளும் தம்பியும் ஒரு தாய் வயிற்றில் பிறந்தும் ஒத்துப்போகவில்லையே; எலியை மட்டும் எதற்கு வற்புறுத்த வேண்டும் என்று அக்தரியிடம் கசப்போடு சொன்னாள். சமைக்கும்போதெல்லாம் பவுலு அவள் தோளில் உட்கார்ந்திருந்தது.

கிறிஸ்துமஸுக்குத் தானியேல் புதுச் சேலையோடு வந்தான். மேஸ்திரி வீட்டுச் சோற்றில் இளைத்திருந்தான். ரோஸ் சேலையை வாங்கித் துணிப்பெட்டிமேல் வைத்தாள். சோற்றுப் பானைப் பக்கம் திரும்பினாள். அவன் சும்மா நிற்க முடியாமல் மரப்பெட்டியின் வலைக்குள் விரலை விட்டான். உள்ளே மைனரின் முதுகு உப்பியது.

"கைய எடு," என்றாள்.

எடுத்தான். ஒரு தட்டில் சோறும் குழம்பும் போட்டு அவன் முன்னால் வைத்துவிட்டு, பவுலுவைத் தோளில் ஏற்றிக்கொண்டு அவள் கொல்லைப்பக்கம் போய்விட்டாள். அவன் தனியாகச் சாப்பிட்டு, தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனான்.