மாட்டைத் திருப்பினால் லேபிள் எங்கே?

கம்ப்யூட்டரில் சுற்றுகிற உருவங்களுக்குப் பெயர் ஒட்டுவது என் வேலை. உருவம் திரும்பும், பெயர் தப்பும், திட்டு மட்டும் சரியாக என்னிடம் வந்து சேரும். எட்டாவதோடு நின்றவள், இதையும் தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று பயமாகத்தான் இருக்கிறது. மவுஸைப் பிடித்துக்கொண்டு முழித்தவர்கள் பொறுத்துக்கொள்வீர்கள்.

யாருக்கு இடது?

தஞ்சாவூரில் ஜாகிர் பாய் கடையில் கல்யாணப் பத்திரிகை டைப் அடித்துக்கொண்டிருந்தேன். அவர் த்ரீடி படவேலைக்கு மாறினார், நானும் மாறினேன். ஒரத்தநாட்டுப் பக்கத்திலிருந்து கால்நடை டாக்டரம்மா ஒருவர் வந்தார். வயிறு உப்பி மூச்சுத் திணறும் மாட்டுக்குக் காற்றை வெளியேற்ற எங்கே ஊசி குத்துவது என்று மாணவர்களுக்குக் காட்ட, எல்லாப் பக்கமும் திருப்பிப் பார்க்கிற மாடு வேண்டுமாம். குத்தும் இடம், இடுப்பெலும்புக்கு முன்னால் இடது பக்கப் பள்ளம்.

திரையில் மாடு என்னைப் பார்த்து நின்றது. என் இடது கைப் பக்கம் லேபிளை வைத்துவிட்டேன். டாக்டரம்மா சிரிக்கவில்லை.

"இடதுன்னா மாட்டுக்கு இடதும்மா. குத்து வாங்கப்போறது நீங்க இல்ல."

மேயப் போன லேபிள்

திருத்தினேன். ஆனால் மாட்டை மறுபக்கம் திருப்பினால் லேபிள் உடம்புக்குப் பின்னால் மறைந்துகொண்டது. பாய் சுற்றிச் சுற்றித் தேடினார்.

"என்னக்கா, மாடு இங்கேயே நிக்குது, லேபிள் மட்டும் மேயப் போயிடுச்சா?"

எழுதினதை நம்பிய பெண்

அந்தக் கேலிக்குப் பயந்து, எப்படித் திருப்பினாலும் லேபிள் தெரிகிற மாதிரி மாற்றிவைத்தேன். பாய்க்குத் திருப்தி. படத்தைக் கொடுப்பதற்கு முன்னால் டாக்டரம்மா ஒரு மாணவியை அழைத்துவந்து, "எங்க குத்துவ, காட்டு" என்றார்.

அவள் திருப்பியதில் மாட்டின் வலது பக்கம் முன்னால் வந்தது. அந்தப்புறம் இருந்த லேபிள் உடம்பை ஊடுருவித் தெரிந்து, வலது வயிற்றின் மேலேயே ஒட்டினதுபோல் நின்றது. அவள் தயங்காமல் அங்கே விரலை வைத்தாள். அங்கே குத்தினால் குடலில்தான் இறங்கும் என்றார் டாக்டரம்மா. நல்லவேளை, படம் கடையைத் தாண்டவில்லை. உயிருள்ள மாடு எதுவும் என்னிடம் மாட்டவில்லை. அந்தப் பெண்ணுக்குத்தான் முகம் சுருங்கிவிட்டது.

"நீங்கதானே ஆன்ட்டி இங்க எழுதிவெச்சீங்க?"

லேபிள் பழையபடி மறையும்படி மாற்றினேன். அதோடு வலது பக்கத்தில், 'இங்கே குத்தாதே, மாட்டைத் திருப்பு' என்று சிவப்பில் இன்னொன்று ஒட்டினேன். அவள் மறுபடி வந்தாள், படித்தாள், திருப்பினாள், சரியான பள்ளத்தில் விரல் வைத்தாள். அன்றைக்குத்தான் எனக்குச் சோறு இறங்கியது.

இத்தனை நாளில் நான் ஒட்டியதிலேயே உருப்படியான லேபிள், ஒன்றும் செய்யக் கூடாத இடத்தில் ஒட்டியதுதான்.