உள்ளே இறங்கிய கூரை

"ஆடி மாதக் கூட்டம். தலைப்பு: எரிமலையும் மனிதனும். உரை மிகச் சிறப்பாக இருந்தது." எங்கள் திருவொற்றியூர்ப் படிப்பகத்தின் குறிப்பேடு இப்படிச் சொல்கிறது. தேதி எழுத மறந்திருக்கிறார்கள். அது சென்ற ஆண்டு ஆடியின் கடைசி ஞாயிறு. உரை சிறப்பாக இருந்தது என்பது பொய்.

பேசியவர் ஓய்வுபெற்ற பொறியாளர். எந்தத் தலைப்புக்கு அழைத்தாலும் வருவார். மேசைமேல் ஒரு புஸ்வாணத்தை நிறுத்தி, "இப்படித்தான் மலையோட தலை பறந்துபோய்ப் பெரும்பள்ளம் உண்டாகுது" என்றார். கைதட்டினார்கள்.

ஒரு புத்தகத்தைப் புரட்டியிருந்தாலே போதும். அந்தப் பள்ளம் பெரும்பாலும் மலை பறப்பதால் வருவதில்லை, விழுவதால் வருகிறது. சில கிலோமீட்டர் ஆழத்தில் தேங்கிய பாறைக்குழம்பு, வாயுவின் அழுத்தத்தால் நுரையும் சாம்பலுமாக வெளியே கொட்டுகிறது. கொட்டக் கொட்ட மேலுள்ள கூரைக்குத் தாங்கல் குறைகிறது. வளையமாக விரிசல் ஓடுகிறது. பிறகு கூரை அப்படியே உள்ளே இறங்குகிறது. இறங்கும் எடை, மீதிக் குழம்பையும் அந்த விரிசல்கள் வழியே பிதுக்கித் தள்ளுகிறது.

அன்று கேள்வி கேட்டது படிப்பகத்துக்கு எதிர்வீட்டு மீன்காரம்மா ஒருவர்தான். கழிவுநீர்க் குழாய் போட எங்கள் தெருவைத் தோண்டி, மோட்டார் வைத்துத் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தார்கள். தண்ணீரோடு மணலும் வந்தது.

"நைனா, என் வூட்டாண்ட தரை வட்டமா வெடிச்சிகினு போவுது. இன்னான்னு வந்து பாரேன்."

பொன்னாடை போர்த்துமுன் கேள்வி கேட்கக்கூடாது என்பது படிப்பக வழக்கம். செயலாளர் மீன்காரம்மாவை உட்காரவைத்தார். மூன்று பேர் பொறியாளருக்கு மூன்று சால்வை போர்த்தினார்கள். அதன்பின் அவர் படிப்பக வாசற்படியில் நின்றே எதிர்வீட்டுத் தரையைப் பார்த்தார்.

"கீழேருந்து எதுவும் தள்ளலையேம்மா. மேல சிமெண்ட் பூசுங்க, போதும்."

"தள்ளல சார், அடியில காலியாவுது" என்றேன்.

"நீங்க புக்கு ஜாஸ்தி படிக்கிறீங்க."

மீன்காரம்மா சொன்னார்: "பூசறத்துக்கு எங்க வூட்டு ஆளே போதும். இதுக்கா இம்மாம் பெரிய சால்வ?"

ஆனாலும் பூசினார்கள். அடுத்த சனிக்கிழமை, அவர் காசிமேட்டில் மீன் எடுத்துக்கொண்டிருந்த நேரத்தில், தெரு கிண்ணமாக இறங்கியது. வீட்டின் முன்பாதி அதோடு போனது.

பொறியாளர் மறுபடி வந்தார். பள்ளத்தின் ஓரத்தில் சாம்பல் நிற அடுக்கு ஒன்று தெரிந்தது. அது சுமத்ராவின் தோபா எரிமலை எழுபதாயிரம் ஆண்டுகளுக்கு முன் தூவிய சாம்பல் என்று சொல்லிக் கைப்பேசியில் படம் பிடித்தார். எண்ணூர் அனல்மின் நிலையத்திலிருந்து லாரியில் கொண்டுவந்து, தெருவை மேடாக்கக் கொட்டிய நிலக்கரிச் சாம்பல் என்பது என் எண்ணம். எரிமலைச் சாம்பல் என்றால் அது இறுகிப்போன பழைய மண், வீட்டின் மீதிப் பாதி நிற்கலாம். கொட்டிய சாம்பல் என்றால் அதுவும் இறங்கும். மீன்காரம்மா தங்கை வீட்டில் தங்கி, திரும்பி வரலாமா என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். அது எந்தச் சாம்பல் என்று இதுவரை எவரும் சோதிக்கவில்லை.