ஃப்ரிட்ஜுக்குள் ஒரு சாவி

வீட்டுச் சாவியை முட்டைகளுக்குப் பக்கத்தில் வைத்து ஃப்ரிட்ஜை மூடுகிறார் மாப்பிள்ளை. அதன் சுவிட்சை அணைக்கிறார். பிறகு மின்விசிறியை. கடைசியாகச் சுவர்க்கடிகாரத்தை இறக்கிப் போர்வைக்குள் சுருட்டி வைக்கிறார். பாட்டுப் பதிவு ஆரம்பிக்கப் போகிறது. மைக்குக்கு ஃப்ரிட்ஜின் முனகல்கூடக் கேட்டுவிடும். வேலை முடிந்ததும் திரும்பப் போட மறந்துவிடக் கூடாதே என்றுதான் உள்ளே சாவி. "சாவி இல்லாம வெளிய கிளம்ப முடியாதுல்ல மச்சான்? பால் தப்பிச்சுது."

என் தங்கையின் கணவர். அவள் தவறிப்போய் இரண்டு வருடம் ஆகிறது. கீழே அவரும் மகளும், மாடியில் நான். சமையல் பொது.

விளம்பரக்காரர்கள் ஒரு பிரபலமான பாட்டை ஆசைப்பட்டுக் கேட்பார்கள். உரிமை கிடைக்காது. அப்போது இவரைக் கூப்பிடுவார்கள். அதே மாதிரி இருக்க வேண்டும், அதுவாக இருக்கக் கூடாது. "ஜாடை இருக்கணும், ஆனா புள்ள பக்கத்து வீட்டுதா இருக்கணும்" என்பார். மூலப் பாட்டை மூன்றே முறை கேட்பார். அப்புறம் ஒரு வாளித் துணி துவைப்பார். துவைத்து முடித்தபின் மனதில் மிச்சமிருப்பது எதுவோ, அதிலிருந்து புதுமெட்டு.

அனுப்புவதற்கு முன்னால் ஒரு பரீட்சை உண்டு. முன்பு தங்கை, இப்போது நான். நான் காய் நறுக்கும்போது பாட்டை ஓட விடுவார். கூடவே பழைய பாட்டை முணுமுணுத்தேன் என்றால் ரொம்பக் கிட்டே போய்விட்டார். கண்டுகொள்ளவே இல்லையென்றால் ரொம்பத் தள்ளிப்போய்விட்டார். "எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கே" என்று கத்தி ஒரு நொடி நின்றால் சரி. அதற்கப்புறம் நிறுவனத்தின் சார்பில் ஒருவர் இரண்டையும் வரி வரியாக ஒப்பிட்டுப் பார்ப்பார். "பதினெட்டு வருஷத்துல ஒண்ணுகூடத் திரும்பி வந்ததில்ல." அவர் பெருமையடித்துக்கொள்வது இந்த ஒன்றுக்குத்தான்.

போன மாதம் ஒரு வேலை வந்தது. மாதிரிக்கு அனுப்பியிருந்த பாட்டைப் போட்டதும் மாப்பிள்ளை சிரித்த சிரிப்பில் சட்டை நுனியால் கண்ணைத் துடைக்க வேண்டியிருந்தது. பன்னிரண்டு வருடத்துக்கு முன் ஒரு மெத்தைக் கம்பெனிக்காக அவரே செய்து விற்ற தாலாட்டு அது. பாடியவள் என் தங்கை.

"என் பாட்டையே நான் காப்பியடிக்காம காப்பியடிக்கணுமாம்!"

துணி துவைத்துப் பார்த்தார். ஒரு வாரம் துவைத்தார். வீட்டில் அழுக்குத்துணியே தீர்ந்துவிட்டது. "வீடு மாத்தினவன் பழைய தெருவுக்கே வண்டிய விடுற மாதிரி கை அங்கயே போகுது." ஒருவழியாக மெட்டு மாறி வந்தது. பல் ஆஸ்பத்திரி வேலையிலிருந்து திரும்பிய மகள், "ரெண்டு தடவைதான்ப்பா, பசிக்குது" என்று நிபந்தனை போட்டுப் பாடிக்கொடுத்தாள்.

பரீட்சையன்று பீன்ஸ். முதல் வரியிலேயே நான் கத்தியைக் கீழே வைத்துவிட்டேன்.

"சரியா இருக்கு மாப்பிள்ளை."

"கத்தி கீழ இருக்கே?"

"பீன்ஸ் முடிஞ்சிடுச்சு."

பாதி பீன்ஸ் தட்டில் முழுசாக இருந்தது. அவர் அதைப் பார்த்தார். பாட்டை அனுப்பிவைத்தார்.

நாலாம் நாள் திரும்பி வந்தது. மெட்டில் குற்றமில்லை, பழைய பாடகியின் குரலை அப்படியே போலச் செய்திருப்பதால் வழக்கு வரலாம், குரலை மாற்றவும் என்று குறிப்பு.

"பாத்தியாப்பா, அம்மாவுக்கு இன்னும் மவுசு!" என்றாள் மகள்.

நான் தலை குனிந்திருந்தேன். "விடுங்க மச்சான். பொய் சொன்னது நீங்க, தெரிஞ்சே அனுப்பினது நான். ஆளுக்குப் பாதி" என்றார் மாப்பிள்ளை.

இசை ஆசிரியை ஒருவர் வந்து பாடினார். நன்றாகவே பாடினார். கத்தி ஒரு நொடி நின்று, தொடர்ந்தது. பாட்டு தேறிவிட்டது. திரும்பி வந்ததை அன்றைக்கே கணினியிலிருந்து அழித்தார். பரீட்சையில் தேறாத மெட்டுகளையும் அப்படித்தான் அழிப்பார். "வெச்சிருந்தா அடுத்த பாட்டுக்குள்ள வந்து உக்காந்துக்கும்."

நேற்றுக் காலை சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். பின்பக்கம் துணி உலர்த்திக்கொண்டிருந்த மகள், அழித்த அந்தப் பாட்டைத் தன்பாட்டுக்கு முணுமுணுத்தாள். மைக் இருந்த அறை மூடித்தான் கிடந்தது. மாப்பிள்ளை எழுந்து கையைக் கழுவிவிட்டுப் போனார். வீட்டுச் சாவியை முட்டைகளுக்குப் பக்கத்தில் வைத்தார். சத்தமில்லாமல் கதவைச் சாத்தி, ஃப்ரிட்ஜை அணைத்தார்.