அடுத்தவர் மடை திறக்கும் வரை

இந்த ஊரில் கதவுகள் கனமானவை. முன்னால் போகிறவர் பின்னால் வருகிறவருக்காகக் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பார். நம் கை கதவில் பட்டதும் திரும்பிப் பார்க்காமல் போய்விடுவார். ஜெர்மனிக்கு வந்த புதிதில் எனக்கு இந்தப் பழக்கம் மிகவும் பிடித்துப்போய், அளவு தெரியாமல் செய்தேன். கார் நிறுத்துமிடத்தின் மறுகோடியில் ஒருவர் வந்தாலும் பிடித்துக்கொண்டே நின்றேன். அவர் பாவம், பையை மார்போடு அணைத்து ஓடிவந்து மூச்சிரைக்க நன்றி சொன்னார். அந்த நன்றியில் கொஞ்சம் கோபமும் இருந்தது. எவ்வளவு தூரத்தில் வருகிறவர் வரைக்கும் நிற்க வேண்டும் என்பது இத்தனை வருடமாகியும் எனக்குத் தெரியவில்லை.

என் வேலையும் ஏறக்குறைய இதுதான். கணினித் திரையில் ஒரு ஜன்னலில் இருக்கும் படத்தை மவுஸால் இழுத்துக்கொண்டுபோய் இன்னொரு ஜன்னலில் விடுகிறீர்களே, டிராக் அண்ட் டிராப், அதை எழுதிக் கொடுப்பவர்களில் நானும் ஒருவன். எங்கள் மென்பொருளில் வரைபடங்கள் பெரியவை. பிரதி எடுத்து அனுப்பினால் கணினி திணறும். அதனால் இரண்டு புரோகிராம்களும் பார்க்கக்கூடிய ஒரு பொது இடத்தில் படத்தை வைத்துவிட்டு, அந்த இடத்தின் பெயரை மட்டும் அனுப்புவோம். ஷேர்ட் மெமரி ஃபைல் என்று பெயர். திரையில் படமே நகர்வதுபோல் தெரியும். உண்மையில் எதுவும் நகராது. ஆனால் இருவரில் ஒருவராவது பிடித்துக்கொண்டிருக்கும் வரைதான் அந்த இடம் இருக்கும். கொடுக்கிறவர் அவசரப்பட்டுக் கையை எடுத்தால் வாங்க வந்தவருக்கு ஒன்றும் கிடைக்காது. எங்கள் மென்பொருளில் அப்படித்தான் படங்கள் காணாமல் போய்க்கொண்டிருந்தன.

இதைப் பார்த்ததும் எனக்கு எங்கள் கிணறுதான் ஞாபகம் வந்தது. மல்லசமுத்திரத்துப் பக்கம் எங்களுக்கும் பக்கத்துத் தோட்டத்து முருகேசனுக்கும் அது பொதுக்கிணறு. முறை வைத்துத் தண்ணீர் பாயும். முறை மாறும்போது மோட்டாரை நிறுத்துவதில்லை. நிறுத்தினால் காய்ந்த வாய்க்கால் மறுபடி நனையவே அடுத்தவர் தண்ணீரில் பாதி போய்விடும். நம் மடையை முந்திக்கொண்டு அடைக்கவும் கூடாது. போக வழியில்லாத தண்ணீர் கரையை உடைத்துவிடும். அடுத்தவர் வந்து தன் மடையைத் திறந்து, "ஆச்சுங்க" என்று குரல் கொடுத்த பிறகுதான் நாம் நம் மடையில் மண்ணை வெட்டிப் போடலாம். வீட்டில் விருந்தாளி காத்திருந்தாலும் சரி, அதுவரை நின்றே ஆக வேண்டும்.

அதையே எழுதினேன். வாங்குகிறவர் 'எடுத்துக்கொண்டேன்' என்று சொல்லும்வரை கொடுக்கிறவர் விடக்கூடாது. படங்கள் தொலைவது நின்றது. ஆனால் மத்தியானத்துக்கு மேல் கணினிகள் மந்தமாகின. என் குழுவின் மூத்தவரான ஹன்னா என் மேசைக்கு வந்து உட்கார்ந்தார்.

"இது எவ்வளவு நேரம் காத்திருக்கும்?"

"எதிர்ப்பக்கம் பதில் சொல்லும் வரை."

"சொல்லவே இல்லையென்றால்?"

"சொல்லாமல் எப்படி இருப்பார்கள்?"

ஹன்னா சிரித்தார். நான் வேடிக்கை பண்ணுவதாக நினைத்துவிட்டார். "அது செத்துப்போன புரோகிராமாக இருக்கலாம். உயிரோடு இருந்தால் வரமாட்டேன் என்றாவது சொல்லட்டும். இல்லையென்றால் இது பாவம், இடத்தை அடைத்தபடி ஆயுசுக்கும் பிடித்துக்கொண்டு நிற்கும்."

அன்று முழுக்க எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. காப்பி எடுக்கப் போய் வெறும் கையோடு திரும்பினேன். காரணம் என் அண்ணன். நான் விமானம் ஏறியதிலிருந்து அவர்தான் தன் முறையோடு என் முறைக்கும் தண்ணீர் கட்டுகிறார், என் பங்கு மரவள்ளியையும் பார்க்கிறார். முழங்கால் போய்விட்டது. கோயமுத்தூரில் இருக்கும் மகள் வந்துவிடச் சொல்கிறாள். முருகேசன் எங்கள் இருவர் பங்குக் காட்டையும் குத்தகைக்குக் கேட்கிறார். அண்ணன் போகமாட்டேன் என்கிறார். நான் திரும்பி வருவேனா என்று ஃபோனில் பேசும்போதெல்லாம் கேட்பார்; "அடுத்த வருசம் பாக்கலாங்கண்ணா" என்பேன். என் மகளுக்கு இங்கே பள்ளிக்கூடம், மனைவிக்கு வேலை. வரமாட்டேன் என்று எனக்கு எப்போதோ தெரியும். சொல்ல வாய் வரவில்லை.

சனிக்கிழமை காலை சமையலறையிலிருந்து அழைத்தேன். ஊரில் மத்தியானம். எடுத்ததுமே மோட்டார் சத்தம்.

"சாப்டியா சாமி?"

"ஆச்சுங்கண்ணா. நீங்க எங்க நிக்கறீங்க?"

"உன்ற காட்டுலதான். தண்ணி பாயுது."

எப்போது வருவாய் என்று கேட்டுவிடுவாரோ என்று பயமாக இருந்தது. அவர் கேட்கும் முன்பே சொன்னேன். "அண்ணா, நான் வரலீங்க. இனி அங்க வந்து இருக்க முடியாதுங்க. நீங்க கோயமுத்தூருக்கு, பாப்பா ஊட்டுக்குப் போயிருங்க."

மண்வெட்டியை அவர் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

"செரி சாமி," என்றார். "இத மின்னயே சொல்லியிருக்கலாமில்ல? முருகேசன மடையத் தொறந்துக்கச் சொல்லீர்றேன்."

"செரிங்கண்ணா."

"அப்ப வெச்சுர்றயா?"

"நீங்க வைங்கண்ணா."

"நீ வை சாமி."

இருவருமே வைக்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே பனி பெய்துகொண்டிருந்தது. என் சமையலறையில் எங்கள் கிணற்று மோட்டார் ஓடிக்கொண்டே இருந்தது.