மலை ஓரம் நடப்பவர்

உச்சி வெயிலில் கிரிவலப் பாதை வெறிச்சோடிக் கிடக்கிறது. வெறுங்கால் சுட, மலையை ஒட்டிய ஓரத்தில் மரநிழல் தேடி நடக்கிறேன். எதிர்ப்பக்கம் மோர் விற்கும் அம்மா கூப்பிடுகிறார்.

"சார், இந்தப் பக்கம் வாங்க. மலை ஓரம் சித்தருங்க நடக்கிற வழி."

சாலையைக் கடக்கிறேன். எந்த ஊர், எத்தனை பிள்ளைகள் என்று விசாரித்தபடி மோர் தருகிறார். பிறகு ஒரு சொம்புத் தண்ணீரைக் கொண்டுபோய் மலை ஓரத்துத் தாரில் ஊற்றுகிறார்.

"யாருக்கும்மா?"

"உங்க கூடவே வந்தாரே, அவருக்குதான். கால் சுடும்ல. ரெண்டு வார்த்தை பேசிட்டே போங்க, பாவம்."

நான் தனியாகத்தான் வந்தேன்.

கொஞ்சம் நடந்து திரும்பிப் பார்க்கிறேன். அந்த ஈரத்திலிருந்து கிளம்பிய காலடித் தடங்கள், எதிர் ஓரத்தில் எனக்கு நேராக வந்து நிற்கின்றன.

அந்த ஓரத்தைப் பார்த்து, "ரொம்பச் சுடுதுங்களா?" என்று கேட்கிறேன்.